ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் இரண்டே நாளில் கோட்டை, ஹவேலி (பழைய மாளிகை), அருங்காட்சியகம் எல்லாம் பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். மே மாதம் என்றால் மதியம் வெளியே நடமாடவே முடியாது.

காலையில் முதலில் கோட்டை. 1156-இல் மன்னர் ராவல் ஜைசல் எழுப்பியது. இன்றும் உள்ளே மக்கள் குடியிருக்கிறார்கள். சந்தில் துணி காய்கிறது, நாலு எட்டு வைத்தால் சமணக் கோயில். அரண்மனை அருங்காட்சியகமும் உள்ளேயேதான். ஒரு வேண்டுகோள்: தங்கும் அறையை மட்டும் கோட்டைக்கு வெளியே எடுங்கள். வீடுகளிலும் விடுதிகளிலும் புழங்கும் தண்ணீர் அடிமண்ணில் கசிந்து, மதிலின் சில பகுதிகள் ஏற்கெனவே சரிந்திருக்கின்றன. மழை குறைந்த ஊருக்கென்று கட்டிய கோட்டை அது, பாவம், இவ்வளவு ஈரம் தாங்காது.

வெயில் ஏறியதும் பட்வோன் கி ஹவேலிக்குப் போய்விடுங்கள். 19-ஆம் நூற்றாண்டு வணிகக் குடும்பத்தின் ஐந்து வீடுகள். மஞ்சள் மணற்கல்லில் குடைந்த ஜாலியில், அதாவது துளைகள் நிறைந்த கல்திரையில், கண்ணை வைத்துப் பாருங்கள்: தெரு முழுக்கத் தெரியும், தெருவில் நிற்பவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். வெயிலையும் அது பாதி வடிகட்டிவிடும்.

சாயங்காலம் கடிசர் ஏரி. ஊருக்கே குடிநீர் தந்த மழைநீர்த் தேக்கம். அப்புறம், மறுநாள் விடியலில் பாலிவால் பிராமணர்கள் கைவிட்டுப் போன குல்தாரா கிராமம். கையில் தண்ணீர் கொண்டு போங்கள், அங்கே நிழல் குறைவு.