பட்டி நிறைய குட்டிகள் இருந்தாலும் தாய் ஆடு தன் குட்டியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தூரத்தில் இருக்கும்போது குரலும் உருவமும் உதவும். ஆனால் மடியில் வாய் வைக்க விடலாமா என்று முடிவு செய்வது மூக்குதான். மேய்ச்சல் முடிந்து ஆடுகள் திரும்பும் நேரத்தில் பட்டியில் நின்று பாருங்கள். குட்டி மடிக்கடியில் புகுந்து வாலை ஆட்டும். தாய் கழுத்தைத் திருப்பி அதன் வாலடியை முகரும். தன் குட்டி என்றால் காலை அகட்டி நிற்கும். வேறு குட்டி என்றால் ஒரே முட்டு!

எனக்கு இதில் தீராத வியப்பு, அந்த வாசனையை ஆடு கற்றுக்கொள்ளும் வேகம். சினையாக இருக்கும்போது பனிக்குட நீரின் வாடையே ஆட்டுக்கு ஆகாது, விலகிப் போகும். ஈனும் நேரத்தில் அதே வாடைக்கு ஓடி வந்து குட்டியை நக்கும். குட்டி வெளியே வரும்போது கருப்பை வாய் விரிகிறதல்லவா, அந்தத் தூண்டுதலில் மூளைக்குள் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து, முகர்வுப் பகுதியைப் புது வாசனையைப் பதிய வைக்கத் தயாராக்குகிறது. செம்மறியில் அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் குட்டியின் மணம் பெரும்பாலும் பதிந்துவிடும்.

கெண்ட்ரிக், லெவி, கெவர்ன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1992-ல் இதைச் செம்மறியின் மூளையிலேயே அளந்து காட்டினார்கள். ஈனுவதற்கு முன் முகர்வுப் பகுதியின் செல்கள் பெரும்பாலும் தீனி வாசனைக்குத்தான் பதில் கொடுத்தன. ஈன்ற பிறகு குட்டி வாசனைக்குப் பதில் தரும் செல்கள் பெருகின. அவற்றில் சில, தன் குட்டியின் வாசனையைத் தனியாகப் பிரித்தறிந்தன.

பாலூட்டிகளின் வாசனை என்றாலே பலரும், மூக்கின் அடிப்பகுதியில் தனியாக இருக்கும் முகர்வு உறுப்பான ஜேக்கப்சன் உறுப்பைச் சொல்வார்கள். கிடா மூத்திரத்தை முகர்ந்துவிட்டு மேலுதட்டைச் சுருட்டி நிற்கிறதே, அது அந்த உறுப்புக்கு வாசனையை ஏற்றத்தான். குட்டியை அறிவதற்கோ சாதாரண மூக்கே போதும்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். ஆசிய யானையில், இணைசேரத் தயாரான பெண்ணின் மூத்திரத்தில் இருக்கும் ஒரு வேதிப்பொருளை ராஸ்முசன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1996-ல் கண்டறிந்தார்கள். பல அந்துப்பூச்சிகளும் இணையை அழைக்க அதே பொருளைப் பயன்படுத்துகின்றன. அது எல்லா ஆண் யானைக்கும் ஒரே சேதிதான். குட்டியின் மணம் அப்படிப்பட்ட ஒற்றைப் பொருள் கிடையாது. பல பொருள்கள் சேர்ந்த கலவை, குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் தாய் ஒவ்வொரு ஈற்றிலும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

சரி, ஆடு வளர்ப்பவர்களுக்கு இதனால் என்ன பயன்? ஈன்றவுடன் தாயே நக்கட்டும். குட்டியைக் கழுவி எடுத்து வேறு இடத்தில் வைக்காதீர்கள். சில மணி நேரம் பிரித்து வைத்தாலே பல ஆடுகள் குட்டியை அண்டவிடாது. தாயில்லாக் குட்டியை வேறு ஆட்டிடம் சேர்க்க, அந்த ஆடு ஈனும்போதே அதன் பனிக்குட நீரைக் குட்டியின் மேல் நன்றாகத் தடவி முன்னால் விடுவார்கள். குட்டியைப் பறிகொடுத்த ஆடாக இருந்தால், செத்த குட்டியின் தோலைப் போர்த்திவிடுவதும் உண்டு. நம் ஊரில் கன்றுத் தோலில் வைக்கோல் திணித்துப் பசுவின் முன் நிறுத்திப் பால் கறந்ததும் இதே வழிதான்: பசு அதை நக்கி நக்கியே பாலை விடும்.