நடுவழியில் கார் நின்றால் யார் வருவார்கள்?

வாகனம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கான இப்பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பல, சாலையோர உதவித் திட்டங்களைப் பற்றியே கேட்கின்றன. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்கு மாவட்டங்களாக இருக்கும் பழைய வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவற்றை மட்டும் இங்கே சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, என் பெட்ரோல் காருக்கு ஆறு வயதாகிறது. காப்பீட்டைப் புதுப்பிக்க வந்த முகவர், கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் சாலையோர உதவியும் சேரும் என்கிறார். சர்வீஸ் சென்டரில் தனியாக ஓர் ஆண்டுத் திட்டம் சொல்கிறார்கள். இவை போதாதென்று, பெயர் கேள்விப்படாத ஒரு நிறுவனம் தொலைபேசியில் அழைத்து உறுப்பினர் அட்டை தருவதாகச் சொல்கிறது. எப்போதாவது திருப்பதி, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை சென்னை என்பதே எங்கள் பயணம். எதை எடுக்கலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காட்பாடி

பதில்: பணம் கட்டுவதற்கு முன், உங்கள் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். புதிய காருக்கு உத்தரவாதக் காலம் முடியும்வரை தயாரிப்பு நிறுவனமே சாலையோர உதவியைச் சேர்த்துத் தருவது இன்று பரவலான வழக்கம். நீட்டித்த உத்தரவாதம் வாங்கியிருந்தால் அதனோடு இந்த உதவியும் நீண்டிருக்கக்கூடும். ஆறு வயதுக் காருக்கு இவை பெரும்பாலும் முடிந்திருக்கும் என்றாலும், பழைய ரசீதுகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஒரே உதவிக்கு இரண்டு இடங்களில் பணம் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன.

அடுத்து, பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். முழுக் காப்பீடு இருப்பதாலேயே, பழுதாகி நின்ற காரை இழுத்துச் செல்லும் செலவு கிடைத்துவிடாது. தனியார் காருக்கான வழக்கமான காப்பீட்டுப் பத்திரத்தில், விபத்தில் சேதமடைந்து ஓட்ட முடியாமல் போன காரை அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுசெல்வதற்கு, விபத்து ஒன்றுக்கு 1,500 ரூபாய் வரை தருவதாக ஒரு பிரிவு உண்டு. அது விபத்துக்கு மட்டுமே பொருந்தும். இயந்திரக் கோளாறு, மின்கோளாறு, தேய்மானம் ஆகியவற்றை அதே பத்திரம் வெளிப்படையாக விலக்கி வைக்கிறது. பேட்டரி இறங்கியோ கிளட்ச் தேய்ந்தோ கார் நின்றால், சாலையோர உதவியைக் கூடுதல் பிரிவாகச் சேர்த்திருந்தால்தான் ஆள் வருவார்கள். அந்தப் பிரிவும் நம் சொந்தக் காரின் சேதத்துக்கான காப்பீட்டோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். பிறருக்கு நேரும் பாதிப்பை மட்டும் ஈடுசெய்யும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு அது கிடையாது. 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்றாண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று ஆனபின், எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டதாக எண்ணிச் சொந்தச் சேதக் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் உண்டு. அவர்களுடைய சாலையோர உதவியும் அதனோடு காலாவதியாகியிருக்கும்.

இனி, யாரிடம் வாங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எந்த நிறுவனத்துக்குப் பணம் கட்டினாலும், கார் நின்ற இடத்துக்கு வரும் ரெக்கவரி வண்டி பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்குச் சொந்தமானதாக இருக்காது. வேலூரிலோ வாலாஜாபேட்டையிலோ ஆம்பூரிலோ சொந்தமாக வண்டி வைத்திருக்கும் ஒருவரை, வேறொரு நகரத்தில் இருக்கும் அழைப்பு மையம் கூப்பிட்டு அனுப்புகிறது. ஆகவே நிறுவனத்தின் பெயரைவிட, உங்கள் ஊரில் அது யாரை அழைக்கிறது, அவருக்கு ஒழுங்காகப் பணம் கொடுக்கிறதா என்பதே முதன்மையானது. பாக்கி வைத்திருக்கும் நிறுவனத்தின் அழைப்பை நள்ளிரவில் எடுக்க எவருக்கும் மனம் வராது. இதை விளம்பரத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. உங்கள் வண்டியை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடமும், நெடுஞ்சாலையோரம் ரெக்கவரி வண்டி நிறுத்தியிருப்பவர்களிடமும், எந்தெந்த நிறுவனத்திலிருந்து அவர்களுக்கு அழைப்பு வருகிறது, எது கணக்கைத் தாமதமின்றி முடிக்கிறது என்று நேரில் கேளுங்கள். கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும் செய்தி இது. ஆனாலும் திட்டம் வாங்கும் எவரும் அவர்களிடம் கேட்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பிறகு, நிபந்தனைகளில் இழுத்துச் செல்லும் தூரத்தைப் பாருங்கள். 50 கிலோமீட்டர் இலவசம் என்று போட்டிருந்தால், அது கார் நின்ற இடத்திலிருந்து ஒர்க்‌ஷாப் வரையிலான தூரமா, ரெக்கவரி வண்டி புறப்பட்டு வந்து திரும்பும் மொத்தத் தூரமா என்று எழுத்தில் கேளுங்கள். போக வரக் கணக்கிட்டால் 50 என்பது 25 ஆகிவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உங்கள் பையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். காட்பாடியிலிருந்து திருப்பதி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் என்பதால், சித்தூரைத் தாண்டிக் கார் நின்றால் இந்தக் கணக்கு பெரிய தொகையாக வரும். அதோடு, அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்‌ஷாப் என்ற சொற்களையும் கவனியுங்கள். நீங்கள் விரும்பினாலும் காரைக் காட்பாடிக்குக் கொண்டுவர மாட்டார்கள். சித்தூரிலோ திருப்பதியிலோ விட்டுவிடுவார்கள். அப்படி விட்டபின் நீங்கள் வீடு திரும்ப வாடகைக் கார் தருவார்களா, வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டருக்கு அப்பால் நின்றால் தருவார்கள் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஓராண்டில் எத்தனை முறை அழைக்கலாம், கார் எத்தனை வயது ஆகும்வரை ஏற்பார்கள், பணம் கட்டிய எத்தனையாவது நாளிலிருந்து உதவி தொடங்கும் என்பவற்றையும் பார்த்துவிடுங்கள். எந்தத் திட்டத்திலும் உதிரிப்பாகத்தின் விலையும் புதிய பேட்டரியின் விலையும் பொதுவாக உங்களுடையவையே. எரிபொருள் தீர்ந்தால் கொண்டுவந்து தருவது அவர்கள் பொறுப்பு, அதன் விலை உங்கள் பொறுப்பு என்பதும் பொதுவான ஏற்பாடு.

உங்கள் பயணத்துக்குக் காப்பீட்டோடு சேரும் கூடுதல் பிரிவே போதும் என்பது என் கருத்து. அதை வாங்கியபின் குறை நேர்ந்தால் முறையிட ஓர் ஒழுங்கு அமைப்பு இருக்கிறது என்பது முக்கியமான காரணம். வெறும் சாலையோர உதவியைப் பெறுவதால், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் கோரிக்கையின்மைச் சலுகை (நோ கிளெய்ம் போனஸ்) பொதுவாகக் குறையாது. உங்கள் சலுகை 50 சதவீதத்தை எட்டியிருக்கக்கூடும் என்பதால் இதையும் முகவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆந்திரத்திலும் செல்லுமா, தூரத்தை எப்படிக் கணக்கிடுவார்கள் என்ற இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால் சர்வீஸ் சென்டரின் திட்டத்துக்குப் போங்கள். தொலைபேசியில் அழைத்த நிறுவனத்துக்கு, அதன் முழு நிபந்தனைகளை அச்சில் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.

கேள்வி: பெங்களூரில் பணிபுரிகிறேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கோலார், வி.கோட்டா, பேரணாம்பட்டு வழியாகத் தனியாகக் கார் ஓட்டி வருகிறேன். அம்மாவுக்கு ஒவ்வொரு வாரமும் பயம். எனக்கு எந்தத் திட்டம் பொருந்தும்?
– வாசகி, குடியாத்தம்

பதில்: ஒரே இரவில் கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு என்று மூன்று மாநிலங்களைத் தொட்டு வருகிறீர்கள். இந்தியா முழுவதும் சேவை என்று விளம்பரத்தில் இருந்தாலும், மாநில எல்லைக்கு இப்பால் இருக்கும் ரெக்கவரி வண்டி அப்பால் போகத் தயங்குவது உண்டு. உங்களுக்கு நான் சொல்லும் சோதனை எளிது. திட்டத்தை வாங்குவதற்கு முன், இரவு பத்து மணிக்கு மேல் அந்த நிறுவனத்தின் உதவி எண்ணை அழையுங்கள். எத்தனை நேரத்தில் ஒரு மனிதர் பேசுகிறார், தமிழிலோ கன்னடத்திலோ பேச ஆள் இருக்கிறாரா, பேரணாம்பட்டு மலைப்பாதையில் நின்றால் எந்த ஊரிலிருந்து வண்டி வரும் என்று கேட்டால் ஊரின் பெயரைச் சொல்கிறாரா என்று பாருங்கள். வாங்கும் முன்பே சரியாகப் பதில் சொல்லாதவர்கள் வாங்கியபின் சொல்வார்கள் என்று நம்ப இடமில்லை.

உங்களைப் போன்றவர்களுக்கு, பழுது நீக்குவதைவிடக் காத்திருக்கும் நேரம் குறைவாக இருப்பதுதான் பெரிது. வரும் வண்டியின் எண்ணையும் ஓட்டுநரின் கைபேசி எண்ணையும் குறுஞ்செய்தியில் அனுப்பும் நிறுவனத்தையே தேர்ந்தெடுங்கள். வந்தவரிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உதவி எண்ணை இப்போதே கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். கார் நின்ற பதற்றத்தில் இணையத்தில் தேடினால் மோசடிக்காரர்கள் போட்டுவைத்த எண் முதலில் வர வாய்ப்பு உண்டு. முன்பணமாகப் பத்து ரூபாய் அனுப்பச் சொல்லியே கணக்கைத் துடைத்துவிடுகிறார்கள். அப்படி நேர்ந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். மலைப்பாதையில் அச்சமூட்டும் சூழல் ஏதும் தென்பட்டால், திட்டத்தின் எண்ணுக்காகக் காத்திராமல் அவசர உதவி எண்ணான 112-ஐ முதலில் அழையுங்கள். அந்தப் பாதை காட்டை ஒட்டிப் போவதால், இரவில் வெளியே இறங்கி நிற்பதைவிட, காரை வளைவிலிருந்து ஒதுக்கி நிறுத்த முடிந்தால் அபாய விளக்கைப் போட்டுக் கதவைப் பூட்டி உள்ளே இருப்பதே நல்லது. வாகனங்கள் விரைந்து வரும் நான்குவழிச் சாலையில் இதற்கு நேர்மாறு: காருக்குள் உட்காராமல் தடுப்புக்கு வெளியே போய் நிற்க வேண்டும்.

கேள்வி: அண்மையில் மின்சாரக் கார் வாங்கினேன். அதில் ஸ்டெப்னி இல்லை என்பதை வீட்டுக்கு வந்தபின்தான் பார்த்தேன். இது முறையா? திட்டம் எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– தோல் வணிகர், ஆம்பூர்

பதில்: முறைதான். டியூப் இல்லாத டயர், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி, பஞ்சர் ஒட்டும் பொருள்கள் ஆகியவை இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் விதி திருத்தப்பட்டது. ஆணி குத்தியதற்கு அந்தப் பொருள்கள் போதும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அவற்றால் பயனில்லை. அப்போது காரையே தூக்கிச் செல்ல வேண்டியிருக்கும் என்பதால், டயர் சேதத்துக்கும் இழுவை உண்டா என்று கேளுங்கள்.

மின்சாரக் காரில் சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழலும். ஆகவே கயிறு கட்டி இழுக்கவோ, சக்கரம் தரையில் உருளும்படி ஒரு முனையை மட்டும் தூக்கி இழுக்கவோ கூடாது. நான்கு சக்கரங்களும் தரையைத் தொடாமல் தட்டையான மேடையில் ஏற்ற வேண்டும் என்றே கையேடுகள் சொல்கின்றன. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் கார்களுக்கும் இதுவே பாதுகாப்பு. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களுக்கும் இதையே கேளுங்கள். உங்கள் பக்கத்தில் மேடை வண்டி வேலூரிலிருந்து வருமா, கிருஷ்ணகிரியிலிருந்து வருமா என்று கேட்டு, அதை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். சார்ஜ் தீர்ந்து நின்றால் அருகிலுள்ள சார்ஜிங் நிலையம் வரை கொண்டுபோவார்களா என்பது தனிக் கேள்வி. பல திட்டங்களில் அது எரிபொருள் தீர்ந்ததைப் போல் தானாகச் சேர்வதில்லை.

கேள்வி: ஜமுனாமரத்தூருக்கும் ஏலகிரிக்கும் அடிக்கடி போகிறோம். மலைக்கு வருவார்களா?
– வாசகர், போளூர்

பதில்: வண்டி செல்லக்கூடிய தார்ச்சாலை வரை வருவார்கள் என்பது பொதுவான நிபந்தனை. ஏலகிரியின் பதினான்கு கொண்டையூசி வளைவுகளில் நீளமான மேடை வண்டியைத் திருப்புவது கடினம் என்பதால் சிறிய வண்டி தேவைப்படும். ஜவ்வாது மலைக்குப் போளூர் வழியாகவும் ஆலங்காயம், காவலூர் வழியாகவும் ஏறலாம். நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் வண்டி மலையைச் சுற்றிக்கொண்டு வரும்.

கேள்வி: தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற உதவி எண் இலவசமாக இருக்கும்போது தனித் திட்டம் எதற்கு?
– வாசகர், இராணிப்பேட்டை

பதில்: 1033 அவசியமான எண். சென்னை – பெங்களூர் சாலையில் நின்றால் அதையும் அழையுங்கள். ரோந்து வாகனமும் கிரேனும் அந்த அமைப்பில் உண்டு. ஆனால் போக்குவரத்துக்கு இடையூறாக நிற்கும் காரைப் பாதுகாப்பான இடத்துக்கு அகற்றுவதுதான் அவர்களுடைய பணி. நீங்கள் விரும்பும் ஒர்க்‌ஷாப் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதை அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது. ஆர்க்காட்டிலிருந்து ஆரணி போகும் வழியிலோ உங்கள் வீட்டு வாசலிலோ கார் நின்றால் அந்த எண் உதவாது.

கேள்வி: கார் வாலாஜாபேட்டை அருகே நின்றது. திட்டத்தின் எண்ணை அழைத்தேன். இதோ வருகிறோம் என்று சொல்லி நள்ளிரவு தாண்டியும் எவரும் வரவில்லை. சொந்தச் செலவில் ரெக்கவரி வண்டி வைத்தேன். முன் அனுமதி பெறவில்லை என்று இப்போது பணத்தைத் தர மறுக்கிறார்கள்.
– வாசகர், ஆர்க்காடு

பதில்: முதலில், உங்களுக்குத் திட்டத்தை விற்றது காப்பீட்டு நிறுவனமா, தனி உதவி நிறுவனமா என்று பாருங்கள். காப்பீட்டு நிறுவனம் என்றால் அதன் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் சரியில்லை என்றால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலோ அதன் புகார்த் தளமான பீமா பரோசா இணையதளத்திலோ பதிவு செய்யலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் நிறைவு தராவிட்டாலும், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை ஓராண்டுக்குள் அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம். தனி நிறுவனம் என்றால் குறைதீர்ப்பாளருக்கு அதில் அதிகாரம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டாண்டுக்குள் தொடர வேண்டும்.

நீங்கள் அழைத்த நேரங்களைக் காட்டும் கைபேசிப் பதிவு, அவர்கள் அனுப்பிய கோரிக்கை எண், ரெக்கவரி வண்டியின் எண்ணோடு கூடிய ரசீது ஆகிய மூன்றும் உங்களிடம் இருந்தால், முன் அனுமதி இல்லை என்ற வாதத்துக்கு வலுவான பதில் இருக்கிறது. வருவதாக ஒப்புக்கொண்டு வராதது சேவைக் குறைபாடு. இனி இத்தகைய நிலை வந்தால், வேறு வண்டியை அமர்த்துவதற்கு முன், நீங்கள் வராததால் சொந்தச் செலவில் ஏற்பாடு செய்கிறேன், தொகையை உங்களிடம் கோருவேன் என்று அவர்களுடைய எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள். ரசீதில் புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், கிலோமீட்டர் மூன்றையும் எழுதி வாங்குங்கள்.