வாசகர் கேள்வி–பதில்: வீட்டுப் பூனையைப் படம் பிடிக்கும்போது

கேள்வி: எங்கள் பூனைக்கு மூன்று வயதாகிறது. மாலையில் அது விளையாடுவதைக் கைப்பேசியில் வீடியோ எடுப்போம். வெளிச்சம் போதாததால் அண்மையில் வளைய வடிவில் ஒளிரும் ரிங் லைட் விளக்கு ஒன்று வாங்கினோம். அதைப் போட்டவுடன் பூனை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. விளக்கு அதன் கண்ணைக் கெடுத்துவிடுமா?

பதில்: வீட்டில் பயன்படுத்தும் விளக்கால் பார்வை போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கட்டிலுக்கு அடியில் ஒளிவதன் மூலம் அந்த விளக்கு தனக்குப் பிடிக்கவில்லை என்று பூனை தெளிவாகச் சொல்லிவிட்டது. அதை நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. இருட்டில் அதன் கண்கள் ஒளிர்வதற்கும், நமக்கு வேண்டிய வெளிச்சத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இருந்தாலே அது நடமாடிவிடுவதற்கும் இந்தப் படலம் முக்கியக் காரணம். மங்கலான அறையில் கண்ணின் பாவை அகல விரிந்திருக்கும் நேரத்தில் திடீரென்று விளக்கு எரிந்தாலோ ஃபிளாஷ் மின்னினாலோ அது சில நொடிகள் கண் கூசித் திகைக்கும். அலமாரியிலிருந்து தாவவிருந்த பூனையாக இருந்தால் அந்தச் சில நொடிகளே தவறி விழுவதற்குப் போதும். பிறந்து ஓரிரு வாரங்களில் கண் திறக்கும் குட்டிகளின் அருகில், அவை நன்றாக ஓடியாடும் வரையில், ஃபிளாஷையும் பிரகாசமான விளக்கையும் கொண்டுபோகவே வேண்டாம்.

சன்னல் வழியே வரும் பகல் வெளிச்சத்துக்கு ஈடான விளக்கை நான் இதுவரை பார்த்ததில்லை. பூனைகள் இயல்பாகவே விடியலையும் அந்தியையும் ஒட்டிச் சுறுசுறுப்பாக இருப்பவை. ஆகையால் காலை ஒளி நன்றாகப் பரவிய பிறகும் விளையாட்டு அடங்காதிருக்கும் நேரத்தைச் சில நாட்கள் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் பூனையின் பக்கவாட்டில் விழும்படி நீங்கள் தரையில் அமர்ந்தோ படுத்தோ எடுங்கள். நின்றபடி மேலிருந்து கைப்பேசியை நீட்டினால், தன்னைவிடப் பெரிய ஏதோ ஒன்று தலைக்குமேல் கவிவதாக அது அஞ்சும். படத்திலும் முதுகும் காதும்தான் தெரியும். விளக்கு போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், பூனை அறைக்குள் வருவதற்கு முன்பே அதைக் குறைந்த அளவில் எரியவிட்டு, வெள்ளைச் சுவரையோ கூரையையோ பார்க்கத் திருப்பி வையுங்கள். ஓடும் பூனை கலங்காமல் பதிய, ஒளியை உள்ளே விடும் கேமராவின் ஷட்டர் ஒவ்வொரு படத்துக்கும் நொடியில் 250-இல் ஒரு பங்கு நேரமோ அதற்கும் குறைவாகவோதான் திறந்திருக்க வேண்டும். நொடிக்கு 120, 240 படங்கள் (ஃபிரேம்கள்) எடுக்கும் ஸ்லோ மோஷனுக்கு இன்னும் அதிக வெளிச்சம் வேண்டும் என்பதால், அதைப் பகலுக்கென்றே ஒதுக்கிவிடுவது பூனைக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது.

கேள்வி: பூனை சாப்பிடும்போது அதன் பின்னால் வெள்ளரிக்காயை வைத்து, அது திடுக்கிட்டுத் துள்ளுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்று என் மகன் கேட்கிறான். ஒரே ஒருமுறைதானே, அனுமதிக்கலாமா?

பதில்: கூடாது அம்மா. சாப்பிடும் இடம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையில்தான் பூனை நமக்கு முதுகைக் காட்டியபடி உண்கிறது. அந்த நம்பிக்கையை ஒருமுறை உடைத்தால், அது அந்த இடத்தையே தவிர்க்கலாம். துள்ளும் வேகத்தில் சுவரிலோ மேசை விளிம்பிலோ மோதிக்கொள்ளலாம். அருகில் நிற்கும் குழந்தையின் மீதோ வீட்டிலுள்ள மற்றொரு பூனையின் மீதோ பாயலாம். படத்தில் நாம் சிரிப்பது அதன் அச்சத்தைப் பார்த்துத்தான் என்பதை மகனுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக ஒரு காலி அட்டைப்பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, அவனைச் சற்றுத் தள்ளிக் காத்திருந்து எடுக்கச் சொல்லுங்கள். பூனை தானாகவே வந்து முகர்ந்து, ஒரு காலை உள்ளே வைத்துப் பார்த்து, பிறகு முழுவதுமாகப் புகுந்து அமர்வதைப் படமாக்கியவன் வெள்ளரிக்காயை மறந்துவிடுவான்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பூனையைத் திரும்பிப் பார்க்க வைக்க, வேறு பூனைகள் சீறும் ஒலியைக் கைப்பேசியில் ஒலிக்கவிடுகிறார்கள். நம் காதுக்கு எட்டுவது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். பூனைக்கோ 60,000 ஹெர்ட்ஸையும் தாண்டிக் கேட்கும். தன் எல்லைக்குள் அயல் பூனை நுழைந்துவிட்டதாக எண்ணி அது வீடு முழுவதும் தேடி அலையும். நாக்கால் மெல்ல ஒரு சொடுக்கு, அல்லது அதற்குப் பழகிய பெயர், அதுவே போதும்.

கேள்வி: படம் அழகாக வர, பூனைக்குக் கழுத்தில் ரிப்பன் கட்டிப் பூச்சாடிக்கு அருகில் உட்கார வைக்கிறேன். நூல்கண்டோடு விளையாடவும் விடுகிறேன். இதில் ஆபத்து உண்டா?

பதில்: மூன்றிலும் உண்டு. நூல்தான் எல்லாவற்றிலும் கொடியது. பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த சிறு முட்கள் நிறைந்திருப்பதால், வாய்க்குள் போன நூலை அதனால் எளிதில் துப்ப இயலாது, விழுங்கத்தான் செய்யும். விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனையைக் குடல் இழுத்துக்கொண்டே போக, குடல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி அறுபடவும் கூடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் ஒருபோதும் இழுக்காதீர்கள். அப்படியே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். கோலில் கட்டிய இறகுப் பொம்மையானாலும் படம் எடுத்து முடித்தவுடன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். கழுத்து ரிப்பன் எதிலாவது மாட்டினால் இறுக்கிவிடும். பூச்சாடியைப் பொறுத்தவரை, லில்லி மலர் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. அதன் இதழோ இலையோ மட்டுமல்ல, ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கலாம். அப்படி நக்கிவிட்டதாக ஐயம் எழுந்தால், அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: எப்போது எடுப்பதை நிறுத்த வேண்டும் என்று எப்படி அறிவது?

பதில்: காதுகள் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ படிவது, வால் நுனி வெடுக் வெடுக்கென அசைவது, வெளிச்சத்திலும் பாவை விரிந்தே இருப்பது, உணவு அருகில் இல்லாதபோதும் உதட்டை நக்கிக்கொள்வது, உடலைத் தரையோடு ஒட்டிப் பதுங்குவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கேமராவைக் கீழே வைத்துவிடுங்கள். இன்னும் ஒரே ஒரு காட்சி என்று நீட்டிக்கும் அந்த நேரத்தில்தான் பெரும்பாலும் கீறலும் கடியும் நேர்கின்றன. கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, சிறிய துளைதானே என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். பூனைப் பல்லின் காயம் ஆழமானது, எளிதில் சீழ்பிடிப்பது. விளையாட்டின்போது பூனை வாயைத் திறந்து மூச்சிரைத்தால் அது சாதாரணக் களைப்பு அன்று. விளையாட்டை நிறுத்திவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நாங்கள் வெளியே போகும்போது கேமராவை முக்காலியில் ஓடவிட்டுப் போகலாமா?

பதில்: முக்காலியில் வேண்டாம் ஐயா. பல ஆண்டுகளுக்கு முன் நான் அப்படி விட்டுச் சென்ற முக்காலி சாய்ந்து, என் பூனை வாரக்கணக்கில் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. காயம் ஏதும் படாதது அதன் நல்வினை. சுவரில் திருகாணியால் பொருத்திய சிறு கண்காணிப்பு கேமரா போதும். அகச்சிவப்பு ஒளியில் இரவிலும் படம் எடுக்கும் வகையாக இருந்தால் விளக்கை எரியவிட வேண்டிய தேவையும் இராது. மின்கம்பியைக் குட்டிகள் கடிக்கும் என்பதால் உறைக்குள் செலுத்திச் சுவரோடு பொருத்துங்கள். கேமராவின் கடவுச்சொல்லையும் முதல் நாளே மாற்றிவிடுங்கள்.