பொதிகை மலை நம்மைக் காப்பாற்றுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உலக அளவில் அணு ஆயுதப் போர் மூண்டால் மனுஷ இனமே அழிந்துவிடுமா? எங்கள் டீக்கடையில் இதைப் பற்றி இரண்டு கட்சி. கூடங்குளம் பக்கத்திலேயே இருப்பதால் முதல் அடி நமக்குத்தான் என்கிறது ஒன்று. பொதிகையும் தாமிரபரணியும் இருக்கும்வரை எப்படியாவது பிழைத்துக்கொள்வோம் என்கிறது இன்னொன்று. எனக்கு இரண்டு வயதில் மகள் இருக்கிறாள். சில ராத்திரி இதை நினைத்தாலே தூக்கம் வருவதில்லை.

வாசகர், சேரன்மகாதேவி

அன்புள்ள தம்பி,

மனித இனம் அடியோடு அழியும் என்று நான் நம்பவில்லை. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் தோபா எரிமலை வெடித்தது. ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் அதன் சாம்பல் ஓர் அடுக்காகவே படிந்து கிடக்கிறது. அந்த அடுக்குக்குக் கீழேயும் கற்கருவிகள் கிடைத்தன, மேலேயும் கிடைத்தன. சாம்பல் மழைக்குப் பிறகும் அங்கே யாரோ கல்லைச் செதுக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஆனால் இனம் பிழைக்கும் என்பது உங்கள் மகளுக்கான பதில் இல்லை. நீங்கள் கேட்பது அவளைப் பற்றித்தான்.

கூடங்குளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் அணு நிலையத்தை இன்னொருவர் தாக்கக் கூடாது என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31-இல் ஒப்பந்தம் போட்டன. ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. அந்தக் காகிதம் போர் நேரத்தில் எவ்வளவு தாங்கும் என்பது வேறு பேச்சு. எனக்கு அணு உலையை விட வயலைப் பற்றித்தான் பயம் அதிகம்.

குண்டு விழுந்த நகரங்கள் எரியும்போது எழும் கரிப்புகை மழை மேகங்களையும் தாண்டி மேலே போய்விடும். அங்கே அதைக் கழுவி இறக்க மழை கிடையாது. ஆண்டுக்கணக்கில் வெயிலை மறைத்துக்கொண்டு நிற்கும். 2022-இல் 'நேச்சர் ஃபுட்' இதழில் வந்த ஆய்வு இதைக் கணக்கிட்டது. அமெரிக்காவும் ரஷ்யாவும் முழுமூச்சாக மோதி 15 கோடி டன் புகை ஏறினால், மூன்று நான்கு ஆண்டுகளில் உலக விளைச்சல் 90 சதவீதம் விழுந்துவிடும்; பசியில் 500 கோடிப் பேருக்கு மேல் சாகலாம். இந்தியாவும் பாகிஸ்தானும் மட்டும் மோதினாலே 200 கோடியைத் தாண்டலாம். அதாவது, சாகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு குண்டுச் சத்தத்தைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதை உங்கள் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வைத்துப் பாருங்கள். நிலம் சூடேறினால்தான் கடல்காற்று உள்ளே வரும், தென்மேற்குப் பருவமழை பெய்யும். வெயில் மங்கினால் அது தளர்ந்துவிடும். பாபநாசம் அணைக்குத் தண்ணீர் குறையும், கார் போக நெல்லுக்கு ஆபத்து. சரி, அடுத்த போகமான பிசானத்துக்கு எப்படியோ தண்ணீர் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். கதிர் இன்னும் தாளுக்குள்ளேயே இருக்கும் தொண்டைக்கதிர்ப் பருவத்தில் சில ராத்திரி கடுங்குளிர் அடித்தால் போதும், மகரந்தம் மலடாகி மொத்தமும் பதராகிவிடும். தூரத்துப் பச்சையைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கதிரை உருவி நகத்தால் நசுக்கினால்தான் பால் இல்லை என்று தெரியும். அப்புறம் பொட்டாஷ் உரம் கப்பலில் வர வேண்டும், மோட்டாருக்கு டீசல் வர வேண்டும். பொதிகை இதில் எதையும் தர முடியாது.

தாது வருஷப் பஞ்சத்தில், 1876-லிருந்து 78 வரை, சென்னை மாகாணத்தில் சனங்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். அப்போதும் துறைமுகங்களில் தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. மழை பொய்த்தது ஒரு பாதி. இருந்த நெல் யாருக்குப் போனது என்பது மறுபாதி. அந்த மறுபாதி மனுஷன் கையில் இருக்கிறது என்பதால்தான், வீட்டுக்குள் மூட்டை அடுக்கும் யோசனையை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை பசியில் அழும்போது கதவைச் சாத்திக்கொண்டு எத்தனை நாள் சாப்பிட முடியும்?

ஒன்று மட்டும் செய்யலாம். கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் குதிரைவாலி விதைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே தானியம் உத்தரகாண்ட் மலைக் குளிரிலும் விளைகிறது. மூன்று மாதத்துப் பயிர், நெல் அளவுக்குத் தண்ணீர் கேட்காது. ஒரு படி விதை வாங்கி, தெருவில் நாலு வீட்டுக்காரர்களோடு சேர்ந்து, வருஷம் ஒரு தரம் வரப்போரமாகவாவது விதைத்துப் புது விதை எடுத்து வையுங்கள். அறுக்கும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி