கிரெடிட் போய்ச் சேரும், எந்தக் கட்டத்தில் என்று பாருங்கள்

கேள்வி: அக்கா, டெக்சாஸில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் ரெஸ்பிரேட்டரி தெரபி (சுவாச சிகிச்சை) அசோசியேட் டிகிரி, அதாவது இரண்டு வருடப் பட்டம் படிக்கிறேன். இது இரண்டாவது செமஸ்டர். ஒரு பல்கலைக்கழகத்தோடு கிரெடிட் மாற்ற ஒப்பந்தம் இருக்கிறது, படித்ததெல்லாம் அப்படியே போய்விடும் என்கிறார்கள். நம்பலாமா? பேச்சுலர் முடிக்க எவ்வளவு நாளாகும்?
– வாசகி, டெக்சாஸ்

பதில்: ஒப்பந்தம் இருப்பது நல்ல விஷயம். ஆனால் "போய்விடும்" என்ற சொல்லை அப்படியே நம்பாதீர்கள். கிரெடிட்டை ஏற்றுக்கொள்வது ஒன்று, டிகிரிக்குத் தேவையான பாடமாகக் கணக்கில் வைப்பது வேறு. எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது.

நான் அசோசியேட் படித்தது வாஷிங்டன் மாநிலத்தில், குவார்ட்டர் முறைக் கல்லூரியில். மைக்ரோபயாலஜி 5 கிரெடிட், நல்ல மார்க். பிறகு நான் மாறிப்போன பல்கலைக்கழகம் செமஸ்டர் முறை. குவார்ட்டர் கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்குதான் செமஸ்டர் கிரெடிட் என்பதால், என் 5 அங்கே 3.33 ஆனது. அவர்கள் கேட்டது 4. முழுப் பாடத்தையும் எலக்டிவ் (விருப்பப் பாடம்) கட்டத்தில் போட்டுவிட்டு, மைக்ரோபயாலஜியைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். ஐசியூவில் இரவு ஷிப்ட் முடித்து வந்து அந்தக் கடிதத்தைப் படித்தபோது அழுதேவிட்டேன். நல்லவேளையாக, பழைய சிலபஸ் ஒரு கோப்பில் பத்திரமாக இருந்தது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் லேப், என்னென்ன சோதனைகள் என்று எல்லாம் அதில் இருந்தன. துறைத் தலைவருக்கு அதை அனுப்பி மறுபரிசீலனை கேட்டேன். மூன்று வாரம் கழித்து ஏற்றுக்கொண்டார்கள். அந்தத் தாள்கள் இல்லையென்றால் ஒரு செமஸ்டர் போயிருக்கும். அதனால் இன்றே தொடங்கி ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் சேர்த்து வையுங்கள்.

டெக்சாஸில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலம், வரலாறு, கணிதம் முதலியவை அடங்கிய 42 கிரெடிட் பொதுப் பாடத் தொகுதியை முழுதாக முடித்தால், மாநிலத்தின் எந்த அரசுப் பல்கலைக்கழகமும் ஏற்க வேண்டும். உங்கள் ரெஸ்பிரேட்டரி அசோசியேட்டில் அந்த 42-ம் முழுமையாக வராது. முடித்த அளவுக்கு ஏற்பார்கள். அனாடமி-பிசியாலஜி முதல் பாடத்துக்கும் மாநிலக் கல்லூரிகளுக்குப் பொதுவான எண் இருக்கிறது: பயாலஜி 2401. அதில் இரண்டாவது இலக்கமான 4 தான் கிரெடிட் எண்ணிக்கை. லெக்சரும் லேபும் தனித்தனியாக இருந்தால் 2301, 2101 என்று வரும். லேபை விட்டுவிடாதீர்கள்.

கவனம் தேவைப்படுவது ஆர்.எஸ்.பி.டி என்று தொடங்கும் உங்கள் ரெஸ்பிரேட்டரி பாடங்களில். வென்டிலேட்டர், ரத்த வாயுப் பரிசோதனை, கிளினிக்கல் (மருத்துவமனைப் பயிற்சி) எல்லாமே தொழிற்கல்விப் பட்டியலில் இருப்பவை. இவை பொதுவான முறையில் தானாகப் போகாது. கல்லூரிகள் தங்களுக்குள் போட்ட ஒப்பந்தம்தான் வழி. பல பல்கலைக்கழகங்கள் இவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடாமல், ஆர்.ஆர்.டி (பதிவு பெற்ற ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்) சான்றிதழ் பெற்ற பிறகு மொத்தமாகக் குறிப்பிட்ட அளவு கிரெடிட் கொடுத்துவிடும். டெக்சாஸ் ஸ்டேட், மிட்வெஸ்டர்ன் ஸ்டேட் இரண்டிலும் ஆர்.ஆர்.டி உள்ளவர்கள் ஆன்லைனில் பேச்சுலர் முடிக்கலாம். எனவே அசோசியேட் முடித்த சூட்டோடு தேர்வை எழுதிவிடுங்கள். வேலைக்குப் போய் இரண்டு வருடம் கழித்து உட்கார்ந்து படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு வேலை செய்பவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள், அது பெரிய ரகசியம் இல்லை. எந்தத் தேதி வரை செல்லும், குறைந்தபட்சம் என்ன கிரேடு வேண்டும், நீங்கள் சேர்ந்த ஆண்டின் பாடத்திட்டத்துக்குப் பொருந்துமா, அறிவியல் பாடங்களைப் படித்து இத்தனை வருடத்துக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு உண்டா என்று பாருங்கள். சந்தேகங்களைப் பல்கலைக்கழக அட்வைசருக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் சொன்னதை நாளைக்கு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எத்தனை நாளாகும் என்றால், பேச்சுலருக்குப் பொதுவாக 120 கிரெடிட். அதில் குறைந்தது 30 கிரெடிட்டை அந்தப் பல்கலைக்கழகத்திலேயே படித்திருக்க வேண்டும் என்பது பல இடங்களில் வழக்கம். எல்லாம் ஒழுங்காகப் போனால் முழுநேரமாக ஒரு வருடத்தில் முடிப்பவர்கள் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே என்றால் இரண்டு வருடம் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய அசோசியேட் படிப்புகளுக்கான விண்ணப்பங்களை ஏற்பதை, ரெஸ்பிரேட்டரி படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் கோஆர்க் அமைப்பு 2018-இல் நிறுத்தியது. புதிதாக வருபவை பேச்சுலர் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்று அப்போது விதித்தது. இதைக் கேட்டு உங்கள் வகுப்பில் யாராவது பயமுறுத்தினால் கலங்காதீர்கள். ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற அசோசியேட் படிப்புகளை இது மூடிவிடவில்லை.

கேள்வி: எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறேன். ரெஸ்பிரேட்டரி தெரபி ஆன்லைன் பேச்சுலரில் நானும் சேரலாமா?
– வாசகர், இல்லினாய்

பதில்: அவசரப்படாதீர்கள். எஃப்-1 மாணவர் முழுநேரப் படிப்புக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரு ஆன்லைன் வகுப்பை, அதாவது 3 கிரெடிட்டை மட்டுமே காட்ட முடியும். இளநிலையில் பொதுவாக 12 கிரெடிட் வேண்டும். முழுக்க ஆன்லைனில் நடக்கும் படிப்பு உங்கள் விசாவுக்கு ஒத்துவராது. நேரில் வகுப்பு நடத்தும் கல்லூரியைத் தேடுங்கள். சேருமுன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்தியாவில் பி.எஸ்சி. ரெஸ்பிரேட்டரி தெரபி முடித்துவிட்டு, திருமணமாகி அமெரிக்கா வந்திருக்கிறேன். நேராக ஆர்.ஆர்.டி தேர்வு எழுத முடியுமா?
– வாசகி, ஜார்ஜியா

பதில்: முடியாதம்மா. பொதுவாகக் கோஆர்க் அங்கீகரித்த படிப்பை முடித்தவர்களுக்குத்தான் அந்தத் தேர்வு. அதற்காக நான்கு வருடப் படிப்பு வீண் என்று நினைக்காதீர்கள். மார்க் பட்டியல்களை இங்கே மதிப்பீடு செய்து வாங்குங்கள். கையில் பேச்சுலர் இருப்பதால், புதிதாக இத்துறைக்கு வருபவர்களுக்கான மாஸ்டர்ஸ் படிப்புகளுக்கும் விண்ணப்பிக்கலாம். சிகாகோவில் ரஷ் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. உங்கள் மாநிலத்தில் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் விசாரியுங்கள். போகும்போது கிளினிக்கல் லாக் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். ஊரில் அம்மா வீட்டில் இருந்தால் முதலில் அதை அனுப்பச் சொல்லுங்கள்.