உறையவைத்த கருவுக்கு எந்த வயதைப் போட வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 40. 35 வயதில் ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) செய்து உறையவைத்திருந்த கருவை இப்போதுதான் வைத்தார்கள், 13-வது வாரம் நடக்கிறது. குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் நீரை அளக்கும் என்டி ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் டபுள் மார்க்கர் என்ற ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'டவுன் சிண்ட்ரோம் 120-ல் 1, ஹை ரிஸ்க்' என்று சிவப்பில் வந்திருக்கிறது. கருவை வைக்கும் முன்பே மரபணுப் பரிசோதனையில் நார்மல் என்று சொன்னார்களே? மூன்று நாளாகத் தூக்கமே இல்லை.

பதில்: அந்தச் சிவப்பு வரியைக் கொஞ்சம் விட்டுவிட்டு, ரிப்போர்ட்டின் மேலே உங்கள் விவரங்கள் இருக்கும் இடத்தைப் பாருங்கள். வயது 40, கருத்தரித்த விதம் 'இயற்கை' என்று இருக்கிறதா? அப்படியானால் அது உங்கள் கருவுக்குப் போட்ட கணக்கே இல்லை. இந்தக் கணக்கு தொடங்குவதே முட்டையின் வயதில்தான், உங்கள் முட்டைக்கு வயது 35. 35 வயதில் டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு சுமார் 350-ல் 1, 40 வயதில் சுமார் 100-ல் 1, ஆக வயதுக்கான இடத்தில் தவறாக விழுந்த ஒரு எண் முடிவையே புரட்டிப் போட்டுவிடும். தானமாகப் பெற்ற முட்டை என்றால் தானம் கொடுத்தவரின் வயதைத்தான் போட வேண்டும். ரத்தம் எடுக்கும் இடத்தில் அவசரத்தில் "வயசு என்ன?" என்று கேட்பார்கள், நாமும் நம் வயதைச் சொல்லிவிடுவோம், உங்கள் மேல் தப்பில்லை.

இன்னொன்று, ஐவிஎஃப் கர்ப்பங்களில் குழந்தை நன்றாக இருக்கும்போதே டபுள் மார்க்கரில் பார்க்கும் பாப்-ஏ என்ற நஞ்சுக்கொடிப் புரதத்தின் அளவு சற்றுக் குறைவாக வருவதுண்டு, அதனால் வீணாக 'ஹை ரிஸ்க்' விழுவதும் உண்டு. லேபில் முட்டை எடுத்த தேதியைச் சொல்லி மறுகணக்கு கேளுங்கள், பெரும்பாலும் புதிதாக ரத்தம் கொடுக்க வேண்டியிருக்காது. தொடக்கத்தில் இரட்டைக் கரு இருந்து ஒன்று கரைந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், அதுவும் அளவுகளை மாற்றும். பாப்-ஏ மிகவும் குறைவாக இருந்தால் மட்டும், பின்னால் ரத்த அழுத்தமும் குழந்தையின் வளர்ச்சியும் பாதிக்கப்படலாம் என்பதால், ஆஸ்பிரின் தேவையா என்று 16 வாரத்துக்குள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கரு நிலையில் செய்த பரிசோதனை நல்லதுதான், ஆனால் அதில் எடுப்பது நஞ்சுக்கொடியாக மாறப்போகும் வெளி அடுக்கின் சில செல்களை மட்டுமே. அதனால்தான் கர்ப்பத்தில் மறுபடி பார்க்கச் சொல்கிறோம். அப்புறம், 120-ல் 1 என்பதையே சரி என்று வைத்துக்கொண்டாலும், 120 பேரில் 119 பேருக்கு அந்தக் குறைபாடு இல்லை. இதை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் போகாதீர்கள், யார் சொன்னாலும்.

கேள்வி: ஐவிஎஃப் கர்ப்பம்தான். டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றின் வாய்ப்பைத் தாயின் ரத்தத்தில் பார்க்கும் என்ஐபிடி பரிசோதனையில் 'முடிவு இல்லை' என்று வந்துவிட்டது. குழந்தைக்கு ஏதோ கோளாறு என்று அர்த்தமா?

பதில்: அப்படி முடிவு கட்டாதீர்கள். உங்கள் ரத்தத்தில் மிதக்கும் நஞ்சுக்கொடியின் டிஎன்ஏ போதாமல் போயிருக்கலாம். ஐவிஎஃப் கர்ப்பங்களிலும் உடல் எடை கூடியவர்களிடமும் இது கொஞ்சம் அதிகம், 10 வாரம் ஆனதுமே கொடுத்தவர்களுக்கும் நடக்கும். ஆனாலும் சும்மா விடக்கூடாது, சில குரோமோசோம் குறைபாடுகளிலும் இந்த அளவு குறையும் என்பதால் டாக்டரைப் பார்த்து, ஒரு நல்ல ஸ்கேனோடு மறுபடி ரத்தம் கொடுங்கள். திரும்பவும் முடிவு வராவிட்டாலோ 'ஹை ரிஸ்க்' என்று வந்தாலோ, 15 வாரத்துக்குப் பிறகு செய்யும் பனிக்குடநீர் பரிசோதனை பற்றிப் பேசுங்கள். அதில்தான் குழந்தையின் சொந்த செல்களையே பார்க்க முடியும்.