மூன்று நாட்டுச் சிரிப்பு

கேள்வி: அமெரிக்க, பிரிட்டிஷ் நகைச்சுவைப் படங்களுக்கு விழுந்து விழுந்து சிரிக்கும் எனக்கு, பிரெஞ்சுப் படங்களைப் பார்த்தால் மட்டும் சிரிப்பே வருவதில்லை. குறை என்னிடமா, படத்திலா?
(கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: குறை யாரிடமும் இல்லை. சிரிப்பை எங்கே தேட வேண்டும் என்பதுதான் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்கப் படம் அதை நம் கண்ணெதிரே கொண்டுவந்து வைத்துவிடும். 1928-இல் வெளிவந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில், புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதும் பஸ்டர் கீட்டன் மீது சாய்கிறது. மாடிச் சன்னலின் திறப்பு அவர் நிற்கும் இடத்தில் சரியாக வந்து அமைவதால் உயிர் தப்புகிறார். தந்திரக் காட்சி ஏதுமின்றி, உண்மையான சுவரின் கீழ் அவரே நின்று நடித்தார். படம் பேசத் தொடங்கியதும் அதே வேகம் நாவுக்கு ஏறியது. 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) படத்தில் ஒருவர் முடிக்கும் முன்பே மற்றவர் பேசத் தொடங்கிவிடுவார்.

பிரிட்டிஷ் படத்தில் எவ்வளவு கொடிய செயல் நடந்தாலும் மரியாதை குலைவதில்லை. ஈலிங் ஸ்டூடியோவின் 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனெட்ஸ்' (1949) படத்தில், பிரபுப் பட்டத்துக்காக உறவினர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் நாயகன், அதையெல்லாம் விருந்து அழைப்பிதழ் எழுதுபவரின் நிதானத்தோடு நமக்குச் சொல்கிறான். அந்தக் குடும்பத்தினர் எட்டுப் பேராக, ஒரு பெண்மணி உட்பட, நடித்தவர் அலெக் கின்னஸ் ஒருவரே.

ஆனால் நீங்கள் கேட்டது பிரெஞ்சுப் படத்தைப் பற்றி. ஜாக் தாத்தி தம் 'பிளேடைம்' (1967) படத்துக்காகப் பாரிஸுக்கு வெளியே ஒரு சிறு நகரத்தையே கட்டி, அதனால் பெருங்கடனில் மூழ்கினார். வழக்கத்தைவிட அகலமான 70 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்ட அதில், நடிகரின் முகத்தைத் திரை நிறையக் காட்டும் அண்மைக்காட்சியைத் தேடினாலும் காண்பது அரிது. உணவகத்தின் கண்ணாடிக் கதவு நொறுங்கிய பிறகு, வாயிற்காவலர் அதன் கைப்பிடியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு, வருபவர்களுக்கு இல்லாத கதவைத் திறந்தும் மூடியும் காட்டுகிறார். அதே வேளையில் திரையின் வேறு மூலைகளில் வேறு வேடிக்கைகள் நடந்துகொண்டிருக்கும். எதைப் பார்ப்பது என்று இயக்குநர் சொல்ல மாட்டார். பார்வையாளரின் கண்ணை இவ்வளவு நம்பிய நகைச்சுவைக் கலைஞர் வேறொருவர் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

பிரெஞ்சு நகைச்சுவையில் இன்னொரு வகையும் உண்டு. ஃபிரான்சிஸ் வெபேர் தம் நாடகத்தையே படமாக்கிய 'லெ தினே த கோன்' (1998) போன்றவை முழுக்க முழுக்கப் பேச்சால் நடப்பவை. அவற்றைத் துணைத்தலைப்பில் படிக்கும்போது பாதிச் சுவை போய்விடுகிறது. உங்களுக்குச் சிரிப்பு வராததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

இந்த எல்லைகளைச் சுவராகவும் கொள்ள வேண்டாம். அமெரிக்கப் படங்களில் புகழ்பெற்ற சாப்ளின் லண்டனில் பிறந்து, ஃபிரெட் கார்னோவின் மேடைக் குழுவில் பயின்றவர். பிரெஞ்சு நடிகர் மாக்ஸ் லிண்டரைத் தம் ஆசானாக மதித்தவர்.

கேள்வி: அப்படியானால் எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?
(அதே வாசகர்)

பதில்: தாத்தியின் 'மோன் ஓங்கிள்' (1958) படத்திலிருந்து தொடங்குங்கள். அதில் ஒரு பணக்கார வீட்டுத் தோட்டத்தில் மீன் வடிவ நீரூற்று இருக்கிறது. மதிப்புக்குரிய விருந்தினர் வந்தால் மட்டும் வீட்டுக்காரி அதைத் திறந்துவிடுவாள், மற்றவர் என்று தெரிந்ததும் உடனே நிறுத்திவிடுவாள். அந்த நீரூற்றின் மீது ஒரு கண் வைத்துக்கொண்டே படத்தைப் பாருங்கள்.